வலப்பக்கம் துடித்தவள்

இது நடந்ததா என்று சந்தேகம் வந்தால் இசாக்காவைக் கேளுங்கள். எங்கள் குமாசி நகரத்தில் புரொஜெக்டர் மாட்டுகிற இசாக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் அவன். அசாஃபோ பேட்டையில் பழைய அச்சுக்கூடம் இருக்கிற அந்தத் தெருவில் இப்போது அவன் கால் வைப்பதில்லை. அவனுக்குப் பிடித்த, காராமணி போட்டு வேகவைத்த வாச்சே சோறு கிடைக்கிற ஒரே கடை அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

நான் மாற்றப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் செர்வா. படம் போடுவது தொழில். தூரிகையால் அல்ல. நான் விதிகளை எழுதுவேன், கணினி வரையும். 'இங்கிருந்து கிளம்பு. கொஞ்ச தூரம் போனதும் இரண்டாகப் பிரி. மெலிந்துகொண்டே போ. இன்னொரு கிளையைத் தொடாதே.' இப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டால் கோடுகள் மரம் வளர்வதுபோல் தாமாகவே வளரும். கடைசியில் ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதை விதை என்போம். ஒரு விதைக்கு ஒரு படம். அதே விதையை நூறு முறை போட்டாலும் அதே படம்தான் முளைக்கும். மயிரிழைகூட மாறாது. மாற முடியாது.

மனித உடம்பின்மேல் எனக்குப் பித்து. நுரையீரலுக்குள் காற்று போகும் வழி, மூளையின் மடிப்பு, கண்ணுக்குப் பின்னால் படர்ந்திருக்கும் சிவப்பு வலை என்று சுவர் சுவராக வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் போட இருந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. தோல் இல்லை, எலும்பு இல்லை, முகம் இல்லை. ரத்தக்குழாய்களால் மட்டுமே ஆன ஒரு பெண். பத்தடி உயரம். இருட்டுச் சுவரில் முதலில் இதயம் முளைக்கும். அதிலிருந்து கழுத்துக்கும் கைக்கும் கிளைகள் ஓடும். விரல் நுனியைத் தொட்டதும் எல்லாம் உதிர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அளவுகள் நிஜமானவை. என் பள்ளித்தோழன் ஒபிரி மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறான். உறவுக்காரர்கள் வாங்கிப்போகாமல் விட்ட ஓர் உடம்பின் ஸ்கேனை, மேலிடத்தில் அனுமதி வாங்கி எனக்குக் கொடுத்திருந்தான். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவைத்து எடுத்தது. விரல் நுனியிலிருந்து விலா எலும்பு முடிகிற இடம் வரைதான். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. பெயரும் கிடையாது.

அந்தக் கோப்பில் ஒரு பிசகு இருந்தது. இதயம் அவளுடைய வலப்பக்கம் இருந்தது. ஈரல் இடப்பக்கம் இருந்தது. எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது படம் இப்படிப் புரண்டுபோவது எங்கள் தொழிலில் வாரம் ஒருமுறை நடப்பது. நிரலில் ஓரிடத்தில் கழித்தல் குறி போட்டால் நேராகிவிடும்.

போட்டேன். இதயம் இடப்பக்கம் வந்தது. ஒபிரியிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்த யாராவது அனுமதி கேட்பார்களா?

இன்னொன்றும் செய்தேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். மருத்துவமனையில் நர்ஸ் என் வயிற்றில் கருவியை வைத்தபோது கேட்ட சத்தத்தைக் கைபேசியில் பிடித்துவைத்திருந்தேன். குதிரை ஓடுவதுபோல் ஒரு துடிப்பு. டக்டக்டக்டக் என்று. என் மகனுடையது. அந்தத் துடிப்புக்கு ஏற்றபடிதான் சுவரில் இருந்தவளின் இதயம் விரிந்து சுருங்கியது.

உயிர் இல்லாத உடம்புக்கு உயிரின் தாளம். அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

கண்காட்சி சனிக்கிழமை, அசாஃபோவின் அந்தப் பழைய அச்சுக்கூடத்தில். முந்தைய நாள் பிற்பகல், என் கணவர் ஒடூரோவின் அக்கா கொன்னாடு சாப்பாடு கொண்டுவந்தார். புகைமீன் சூப்பும் ஃபுஃபு களியும். தூக்கை வைக்க இடம் தேடித் திரும்பியவர் சுவரைப் பார்த்துவிட்டார். அப்போதுதான் சோதனைக்காக ஓடவிட்டிருந்தேன்.

"இது என்ன சத்தம்?"

"உங்க மருமகன்தான் அக்கா. நெஞ்சுத் துடிப்பு."

"அது யாரு?"

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். கொன்னாடு அக்கா தூக்கைத் தரையில் வைத்தார். நிதானமாக வைத்தார். அவர் நிதானமானால்தான் பயப்பட வேண்டும்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு சாவு விழுந்த வீட்டு வாசலைக்கூட நாம மிதிக்க மாட்டோம். நீ என்னடான்னா பொணத்தைச் சுவத்துல நிக்கவச்சு, அதுக்கு என் மருமகன் துடிப்பை மாட்டிவிட்டிருக்க."

"இது வெறும் கோடு அக்கா."

"கோடு எங்கயாவது மூச்சு விடுமா?"

ஏணி உச்சியில் இருந்த இசாக்கா குறுக்கே பேசினான். "அக்கா, அது செத்தவங்க இல்ல, கரண்டு. பில்லு வந்தா தெரியும்."

"நீ ஏணியைப் பிடி. உன் வாயைப் பிடிக்க ஆள் இல்ல." என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு போச்சு செர்வா. ரெண்டு தடவையும் அந்தத் துணியை நான்தான் அலசினேன். மூணாவதையும் அலசச் சொல்லாத."

தூக்கைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தேன். இரண்டு முறை ஐந்தாம் மாதத்தோடு முடிந்துபோனது. இது ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது. ராத்திரியில் புரண்டு படுத்தால்கூட முதலில் வயிற்றில் கைவைத்து, அவன் உதைக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் புரள்வேன். அப்படி வளர்த்துக்கொண்டிருந்த பிள்ளை. 'நாளைக்கு ஒருநாள்தானே, பிறகு அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாம்' என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மாலை ஆறு இருபது. வெளியே ஹார்மட்டான் காற்று அள்ளிவந்த பாலைத் தூசியில் சூரியன் வெள்ளைத் தட்டுப்போல் விழுந்துகொண்டிருந்தது. கடைசிச் சோதனை.

புரொஜெக்டர் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று இசாக்கா சுவரில் சாக்கட்டியால் இரண்டு குறி போட்டிருந்தான். ஒன்று உச்சந்தலைக்கு. ஒன்று இதயத்துக்கு. ஓடவிட்டேன்.

இதயம் முளைத்தது.

சாக்கட்டிக் குறியில் அல்ல. அதற்கு இரண்டு சாண் தள்ளி.

"புரொஜெக்டரை இடிச்சிட்டீங்களா மேடம்?"

"நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்ல."

அவன் கருவியைத் திருப்பப் போனான். அதற்குள் தலை வளர்ந்துவிட்டது. தலைக்குறி மிகச் சரியாக உச்சந்தலையில் இருந்தது. புரொஜெக்டர் நகரவில்லை. இதயம் மட்டும் நகர்ந்திருந்தது. அவளுடைய வலப்பக்கத்துக்கு.

பழைய நிரலைத் திறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று பார்த்தேன். இல்லை. கழித்தல் குறி போட்ட இடத்திலேயே இருந்தது. விதையும் அதேதான். நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டேன்.

இடப்பக்கம். சாக்கட்டிக் குறியில். சரியாக.

"மிஷினுக்கு மலேரியா," என்றான் இசாக்கா.

மூன்றாம் முறை. வலப்பக்கம்.

நான்காம் முறை. வலப்பக்கம்.

நூறு முறை போட்டாலும் மாறாது என்று சொன்னேனே... என் கண்ணெதிரில் மாறியது. வேறொரு கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால் வயர் நீளம் போதவில்லை. இசாக்கா வாங்கிவருவதாகச் சொல்லிக் கிளம்பினான். வாசலில் நின்று ஒருமுறை சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"மேடம், அவங்க கை முன்னாடி இன்னும் மேல இருந்துச்சோ?"

"போய்ட்டு வா இசாக்கா."

போய்விட்டான். நான் பார்த்தேன்.

தலைக்கு மேல் தூக்கியிருந்த கைகள். ஸ்கேனில் அப்படித்தான். படத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அவை காதளவுக்கு இறங்கியிருந்தன.

நான் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனேன். கிட்டத்தில் பார்த்தால் வெறும் சிவப்பு இழைகள். ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. நான் எழுதிய விதிப்படிதான் எல்லாம் நடந்தது. ஒன்றைத் தவிர.

விலாவுக்குக் கீழே இழைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அங்கே தரவே இல்லை. வரைவதற்கு ஓர் எண்கூடக் கிடையாது. இருந்தும் இறங்கின. வட்டமாக வளைந்தன. வயிறு ஒன்று உருவானது. வயிற்றுக்கு நடுவில், மிக மெல்லியதாக, இன்னொரு கொத்து முளைத்தது. சுருண்டு கிடந்தது. பெரிய தலை. மடங்கிய கால்...

நிரலை நிறுத்த ஓடினேன்.

ஏழு ஐந்து. மின்சாரம் போய்விட்டது.

எங்கள் ஊரில் மின்சாரம் போவது செய்தியே அல்ல. புரொஜெக்டர் அணைந்தது. ஒலிபெருக்கியின் பச்சைப் புள்ளி அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் இருந்தது. அதன் வெளிச்சம் என் கைக்கு எட்டியது, சுவருக்கு எட்டவில்லை. 'நல்லதாயிற்று' என்றுகூட நினைத்தேன்.

டக்டக்டக்டக்...

துடிப்பு நிற்கவில்லை.

லேப்டாப்பின் ஒலியை முழுக்கக் குறைத்தேன். டக்டக்டக்டக். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். டக்டக்டக்டக். எங்கிருந்து வருகிறது என்று இருட்டில் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். சுவரிலிருந்து வந்தது.

பிறகு அது மெதுவானது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. குதிரை ஓட்டம் நடையானது. டக்... டக்... டக்... பெரியவர்களின் துடிப்பு அது. குழந்தையினுடையது அல்ல.

கை தானாக வயிற்றுக்குப் போனது. காத்திருந்தேன்.

உதைக்கவில்லை.

தட்டினேன். பக்கவாட்டில் அழுத்தினேன். எப்போது அழுத்தினாலும் திருப்பி முட்டுவான். முட்டவில்லை. வயிறு கல்போல் இருந்தது.

ஒடூரோவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஏன் என்று தெரியவில்லை, என் விரல் ஒபிரியின் எண்ணை அழுத்தியது. அவன் ஒரு சாவு வீட்டில் இருந்தான். பின்னால் பறை முழங்கிக்கொண்டிருந்தது.

"ஒபிரி, நீ குடுத்த ஸ்கேன். இதயம் வலப்பக்கம் இருந்துச்சே. புரண்டுபோய்தானே வந்துச்சு?"

"புரளல. அந்தம்மா உடம்பே அப்படித்தான். உள்ள இருக்கிற எல்லாமே பக்கம் மாறி இருந்துச்சு. ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு அப்படி இருக்கும். அதனாலதான் உனக்குன்னு எடுத்து வச்சேன். ஏன்?"

"நான் மாத்திட்டேன்."

"எதை?"

"யாரு அவங்க?"

"பேர் சொல்லக் கூடாது செர்வா."

"சொல்லு. யாரு?"

பறை கொஞ்சம் விலகியது. வெளியே நடந்து வந்திருப்பான். "வயித்துப் புள்ளையோட ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாங்க. ரெண்டும் தங்கல. வீட்டு ஆளுங்க ஒரே ஒரு தடவை வந்தாங்க. புள்ளையோட போனவளைக் கொண்டுபோய் வாசல்ல கிடத்த மாட்டோம்னுட்டாங்க. அதுக்கப்புறம் வரவே இல்ல... நீ இப்ப எங்க இருக்க? இதெல்லாம் உன்கிட்ட நான்..."

இணைப்பு அறுந்தது.

டக்... டக்... டக்...

லேப்டாப் முன் உட்கார்ந்தேன். அந்தக் கழித்தல் குறியைத் தேடி அழித்தேன். சேமித்தேன். "எடுத்துட்டேன்," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னேன். "தெரியாம பண்ணிட்டேன். எடுத்துட்டேன். உங்க இதயம் உங்க இடத்துக்கே போயிடுச்சு."

வயிறு அசையவில்லை.

நிமிர்ந்தேன்.

மின்சாரம் வரவில்லை. புரொஜெக்டர் செத்துத்தான் கிடந்தது. ஆனாலும் அவள் தெரிந்தாள். கண்ணை அழுத்தி மூடினால் உள்ளே ஒரு சிவப்புத் தெரியுமே, அந்தச் சிவப்பில். மெல்லிய இழைகளாக.

பத்தடி இல்லை.

என் உயரம்.

கைகள் முழுதாகக் கீழே இறங்கியிருந்தன. இரண்டும் வயிற்றின்மேல் இருந்தன.

என் கைகளும் என் வயிற்றின்மேல்தான் இருந்தன.

ஒரு கையை எடுத்தேன். அவளும் எடுத்தாள்.

தலையைச் சாய்த்தேன். சாய்த்தாள்.

கண்ணாடி...

கண்ணாடியில் தெரிகிறவளுக்கு இதயம் வலப்பக்கம்தானே இருக்கும்?

துடிப்பு நின்றது.

முழுதாக. சுத்தமாக. எங்கோ தெருவில் யாருடைய ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

நான் மண்டியிட்டேன். எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை. அவளிடம்தான் பேசினேன்.

"புள்ளைய விட்டுடுங்க. இவன் ஒண்ணும் பண்ணல. வேணும்னா என்னுதை எடுத்துக்கங்க."



பிறகு... என் மார்பில் ஏதோ சாய்ந்தது.

கனமாக.

ஒரு தலையின் கனம்.

ஈரம் இல்லை. குளிர்ச்சி இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் மூச்சு விடவில்லை.

விலாவுக்குள் ஏதோ புரண்டது.

ஒரு முறை.

பிள்ளை உதைத்தான்.

ஏழு முப்பத்தொன்று. மின்சாரம் வந்தது. விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. சுவர் வெள்ளையாக இருந்தது. இரண்டு சாக்கட்டிக் குறிகள், அவ்வளவுதான். வாசலில் இசாக்கா நின்றுகொண்டிருந்தான். கையில் டார்ச். வாங்கிவந்த வயர் காலடியில் விழுந்து கிடந்தது.

"எப்ப வந்த?"

"இப்பதான்." அவன் என்னைப் பார்க்கவில்லை. அறையின் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க சிஸ்டர் எந்தப் பக்கமா போனாங்க?"

"இங்க யாரும் வரலையே."

"டார்ச் அடிச்சேன் மேடம். உங்க நெஞ்சுல காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க." விழுந்த வயரைக் காலால் ஒதுக்கினான். "பாவம், யாரோ அழுதுட்டு இருக்காங்கன்னு நினைச்சு டார்ச்சை அணைச்சிட்டேன்."

அவன் சம்பளத்தைக்கூட அப்புறம் வந்து வாங்கவில்லை.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்தார். குதிரை ஓடியது. "உங்க பையனுக்கு என்ன அவசரம், இந்த ஓட்டம் ஓடுறான்?" என்றார். ஒடூரோ சுவரோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நடந்ததைச் சொல்லவில்லை. மின்சாரம் போனதில் பயந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

கண்காட்சியில் அந்தச் சுவரில் ஒரு பழைய நுரையீரல் படத்தைப் போட்டேன். நிரலையும் ஸ்கேனையும் அழித்தேன். ஒபிரியிடம் கெஞ்சி ஒன்றைச் செய்தோம். அவளை அடக்கம் செய்த இடத்துக்கு அவன் கூட்டிப்போனான். கொன்னாடு அக்காவும் வந்தார். பெயர் தெரியாதவளுக்கு மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தோம். பிள்ளைத்தாய்ச்சி போகக் கூடாத இடம் என்று அக்கா சொல்லவே இல்லை. நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

மார்ச்சில் மகன் பிறந்தான். சுகப்பிரசவம். வியாழக்கிழமை பிறந்ததால் கிழமைப் பெயர் யாவ்.

பிள்ளை பிறந்து ஏழு நாள்வரை எங்களுக்கு அது விருந்தாளி. தங்குமா, திரும்பிப் போய்விடுமா என்று தெரியாது. எட்டாம் நாள்தான் சொந்தப் பெயர் வைப்போம். இரண்டை இழந்த வயிறு என்பதால் அழகான பெயரே கூடாது என்றார் கொன்னாடு அக்கா. சாவுக்கு ஆசை வராத பெயராக இருக்க வேண்டுமாம். சுமினா என்று வைத்தார். குப்பைமேடு என்று அர்த்தம். விடியற்காலையில் அவன் நாக்கில் தண்ணீரை ஒரு சொட்டு, சாராயத்தை ஒரு சொட்டு வைத்தார்கள். முகத்தைச் சுளித்தான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கிவிட்டான்.

அந்த எட்டு நாளும் அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. இடப்பக்கம் போட்டுப் பால் கொடுத்தால் அலறுவான். வலப்பக்கம் மாற்றினால் அடுத்த நொடியே அடங்கிவிடுவான்.

"இப்பவே துரைக்கு இடம் பார்த்துப் படுக்கணும்," என்றார் கொன்னாடு அக்கா. "தாயோட நெஞ்சுச் சத்தம் கேட்டாத்தான் புள்ளைங்க அடங்கும். ஊரு உலகத்துல எல்லாம் இடப்பக்கம்தான் தேடும். இது என்ன புதுசா இருக்கு?"

பெயர் சூட்டல் முடிந்து எல்லோரும் போன பிறகு, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். ஒடூரோ களைத்துப்போய் என் பக்கத்தில் சாய்ந்தார். முன்புபோல என் இடப்பக்க மார்பில் தலையை வைத்தார். நான்கு வருடப் பழக்கம்; வயிறு பெரிதானதிலிருந்து விட்டுப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன?"

காதை நடுமார்புக்கு நகர்த்தினார். பிறகு வலப்பக்கத்துக்கு. அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறவியிலேயே இப்படித்தான் இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்றார் டாக்டர். இரண்டாவது பிள்ளை போனபோது எடுத்த பழைய எக்ஸ்ரேவை ஒடூரோ அவர் முன்னால் வைத்தார். அதில் இதயம் இடப்பக்கம் இருந்தது. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பழையது வேறு யாருடையதாகவோ இருக்கும் என்று சொல்லி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்று பிற்பகல் ஒபிரியைக் கூப்பிட்டேன். கல்லூரியில் மூலக் கோப்பு இருக்குமே, அதைத் திறந்து பார் என்றேன். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"செர்வா."

"சொல்லு."

"இடப்பக்கம் இருக்கு."

கைபேசியைக் காதோடு அழுத்தினேன்.

"நான் அந்த உடம்பைத் திறந்தவன். என் கையால. வலப்பக்கம்தான் இருந்துச்சு. சத்தியமா வலப்பக்கம்தான்."

"ஒபிரி..."

"அது மட்டும் இல்ல." அவன் குரல் ரகசியம்போல் ஆகிவிட்டது. "செத்தவங்க ஸ்கேன்ல இதயம் கல்லு மாதிரி தெளிவா விழும். அசையாதுல்ல. இதுல ஓரமெல்லாம் கலங்கியிருக்கு. எடுக்கும்போது அது துடிச்சிட்டு இருந்தா மட்டும்தான் இப்படிக் கலங்கும்."

கைபேசியைக் கட்டிலில் வைத்தேன். உள்ளங்கையை என் இடப்பக்க மார்பில் அழுத்திப் பார்த்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை.